நம் மாவட்டத்தில் குழந்தைகளின் மனநலச் சேவையை யார் கண்காணிக்கிறார்கள்? ஊர்க்காரர்கள் கேள்வி கேட்க முடியுமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கென்று தனி அலுவலகம் தேடினால் அலைச்சல்தான். பொது சுகாதாரச் சேவைகளை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்ட நலவாழ்வுச் சங்கம் கவனிக்கிறது. மனநலத்துக்கு மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. சிகிச்சைக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை மனநலப் பிரிவில் உள்நோயாளியாகச் சேர்த்தால், 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு (நோயாளிகளின் உரிமையைக் காக்க இந்தச் சட்டப்படி அமைக்கப்படும் அமைப்பு) தகவல் போக வேண்டும். பெரியவர்களோடு ஒரே இடத்தில் தங்க வைக்கக் கூடாது. கூடவே ஒருவர் இருக்க வேண்டும். 30 நாளைத் தாண்டினால் வாரியத்துக்கு மறுபடி சொல்ல வேண்டும். "வாரியத்துக்குத் தகவல் கொடுத்தாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. உரிமை மீறப்பட்டால் அந்த வாரியத்திடமே முறையிடலாம்.

அப்புறம் கிராம சபை. குடிநீர், ரோடு பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடுகிறோம், அதுதான் எனக்கு வருத்தம். பள்ளிக்கு மருத்துவக் குழு கடைசியாக எப்போது வந்தது, எத்தனை பிள்ளைகளை மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள் என்று பெயர் சொல்லாமல் எண்ணிக்கை மட்டும் கேட்டு, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அவசரம் என்றால் 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ். குழந்தைக்குக் கொடுமை நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.