தொட்டில், ஸ்ட்ரோலர், கார் சீட் வாடகைக்கு: கொழிஞ்சாம்பாறை அக்காவிடம் கேட்டவை

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் குழந்தைச் சாமான்களை வாடகைக்கு விடுகிறேன். எல்லையோரத் தமிழ் ஊர்களிலிருந்து இதே தொழிலைத் தொடங்க நினைக்கிற பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். முடிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

வண்ணாமடையிலிருந்து ஒரு தங்கை: அக்கா, கையில் ஐம்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. முதலில் எதை வாங்கட்டும்?

முழுப் பணத்தையும் இறக்காதே. நம் பக்கம் வாடகைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து மூன்று, ஐந்து மாதம் இருக்கிற பெண்களுக்கு மரத்தொட்டிலும் குளிப்பாட்டும் டப்பும் வேண்டும். வளைகுடாவிலிருந்து ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு வருகிற குடும்பங்கள் ஸ்ட்ரோலரும் (குழந்தையை உட்காரவைத்துத் தள்ளுகிற வண்டி) கார் சீட்டும் கேட்பார்கள். இரண்டு ஸ்ட்ரோலர், இரண்டு கார் சீட், ஒரு தொட்டில், ஒரு டப் போதும். துணியைக் கழற்றித் துவைக்க முடியுமா, சக்கரம் தனியாகக் கிடைக்குமா என்று பார்த்து வாங்கு. விளையாட்டுச் சாமான் பக்கமே போகாதே, உடைவதும் தொலைவதும்தான் மிச்சம். பிறகு கடன் தேவைப்பட்டால் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடில்லாமல் கிடைக்கும்.

மீனாட்சிபுரம்: வாடகையை எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்?

வாங்கின விலையில் எட்டில் ஒரு பங்கு ஒரு மாத வாடகை, அதில் பாதி ஒரு வார வாடகை. 8,000 ரூபாய் ஸ்ட்ரோலர் என்றால் மாதம் 1,000, வாரம் 500. ஒரு வாரம் போய் வந்தாலும் கழுவுகிற வேலை ஒன்றுதானே, அதனால்தான் வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். முன்பணம் 2,000. சாமான் திரும்பி வந்த அன்றே ஜிபேயில் அனுப்பிவிடுவேன். அதை இழுத்தடித்தால் அடுத்த ஆள் வரமாட்டார்.

பொள்ளாச்சித் தம்பி: கார் சீட்டை செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பாதி விலைக்கு முடியும். வாங்கலாமா?

தொட்டில், ஸ்ட்ரோலர் என்றால் பார்த்து வாங்கலாம் தம்பி. கார் சீட் வேண்டாம். விபத்தில் அடிபட்ட சீட் வெளியே புதிதுபோல இருக்கும், உள்ளே பிளாஸ்டிக் விரிசல் விட்டிருக்கும். விற்கிறவர் அதைச் சொல்லமாட்டார். புதிதாக வாங்கினாலும் அடிப்பக்கத்தைத் திருப்பித் தயாரித்த தேதியைப் பார். பெரும்பாலான கம்பெனிகள் ஆறிலிருந்து பத்து வருடம் வரைதான் ஆயுள் சொல்கின்றன. நீ வாடகைக்கு விட்ட சீட் இருந்த கார் எங்காவது மோதிவிட்டால், அதை உடைத்துப் போட்டுவிடு. வாடகை ரசீதிலேயே இதை ஒரு வரியாக எழுதிவை.

டெலிவரி கொடுக்கும்போது அவர்கள் காரிலேயே கட்டிக் காட்டவேண்டும். பழைய கார்களில் கார் சீட்டை நேராக மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்காது, சீட் பெல்ட்டால்தான் கட்டவேண்டும். கட்டியபின் அடிப்பகுதியைப் பிடித்து ஆட்டிப் பார், ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது. கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த மாதிரி, பின்சீட்டில். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் அப்படிக் கட்டவே கூடாது. ‘மடியில் வைத்துக்கொள்கிறோம்’ என்பவர்களிடம் சட்டத்தையும் சொல்லலாம்: 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில், 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிப்போனால் 1,000 ரூபாய் அபராதம்.

கொல்லங்கோடு, செவிலியர்: தாய்ப்பால் எடுக்கும் பிரெஸ்ட் பம்ப்பும் பாட்டிலும் சேர்த்து வாடகைக்கு விடலாமா?

உங்களுக்குத் தெரியாததா சிஸ்டர். வீட்டு உபயோகப் பம்ப் ஒருவருக்கு மட்டும்தான். பால் உள்ளே மோட்டார் வரை போய்விடலாம், அங்கே கழுவ வழியில்லை. பலர் பயன்படுத்தலாம் என்றே செய்த ஆஸ்பத்திரித் தரப் பம்ப் இருந்தால் விடலாம். அதிலும் குழாய், புனல், பாட்டில் எல்லாம் ஒவ்வொரு தாய்க்கும் புதிது. விலை கட்டுப்படியாகாததால் நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஃபீடிங் பாட்டிலுக்கு விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ‘தொட்டில் எடுத்தால் பாட்டில் இலவசம்’ என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டுவிடாதீர்கள்.

கோபாலபுரம்: குழந்தையை உள்ளே நிற்கவைத்து நகரவிடுகிற சக்கர வாக்கரைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். என் மாமியாரே கேட்கிறார். ஏன் வைக்கமாட்டேன் என்கிறீர்கள்?

வைக்கமாட்டேன். வாசல்படியிலிருந்து உருண்டு விழுவது, அடுப்புப் பக்கம் எட்டிப் பிடிப்பது எல்லாம் வாக்கரில்தான். கனடா 2004இலேயே விற்பனையைத் தடை செய்துவிட்டது. நடை சீக்கிரம் வரும் என்பதும் உண்மையில்லை. தரையில் ஒரு பாய் விரித்துக் குழந்தையை விடச் சொல்லி அத்தையிடம் சொல்லுங்கள்.

சித்தூர்: மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கிறதே, எப்படிச் சுத்தம் செய்வது?

இந்தத் தொழிலில் பாதி வேலை இதுதான். ஸ்ட்ரோலர் திரும்பி வந்ததும் தலைகீழாகக் கவிழ்த்து உதறுவேன். முறுக்குத் தூள், ரஸ்க், சில நேரம் ஒரு காது கம்மல்கூட விழும். சீட்டுத் தையலுக்குள் பிஸ்கட் மாட்டியிருந்தால் மறுநாள் காலை எறும்பு வரிசை கட்டி நிற்கும், அதைப் பழைய டூத் பிரஷால்தான் எடுக்கவேண்டும். சக்கர அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றியிருக்கும். அதைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்தால் வண்டி மறுபடி லேசாக ஓடும்.

துணியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவையுங்கள். கார் சீட்டின் பெல்ட் பட்டையை மட்டும் ஊறவைக்கவோ பிளீச் போடவோ வேண்டாம், நூல் பலம் போய்விடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஜூன், ஜூலையில் காயாத துணியை மடித்து வைத்தால் பூஞ்சணம் நிச்சயம். காய்ந்ததா என்று சந்தேகமிருந்தால் அன்றைய ஆர்டரை விட்டுவிடுங்கள்.

வேலந்தாவளம்: தொட்டிலில் எதைப் பார்க்கவேண்டும்?

கம்பிகளுக்கு நடுவே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. மெத்தைக்கும் பக்கவாட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சின்னது. பக்கம் கீழே இறங்குகிற மாதிரி தொட்டிலை அமெரிக்கா 2011இல் தடை செய்தது, அதை வாங்காதீர்கள். மெத்தை கெட்டியாக, சமமாக இருக்கட்டும். தலையணை, உள்பக்கம் சுற்றிக் கட்டுகிற பஞ்சு பம்பர் எதையும் நான் சேர்த்து அனுப்புவதில்லை. பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

இருபத்தெட்டு கெட்டுக்கும் (28ஆம் நாள் குழந்தைக்கு அரைஞாண் கட்டும் சடங்கு) பெயர் சூட்டுக்கும் ஒருநாள் அலங்காரத் தொட்டில் கேட்பார்கள். நல்ல வருமானம்தான். படம் எடுத்ததும் குழந்தையை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியே கொடுங்கள், பூச்சரம் வாய்க்குள் போகும்.

கோவை: ஜிஎஸ்டி, லைசன்ஸ்? எல்லை தாண்டிக் கொடுக்கலாமா?

வாடகை என்பது சேவை. வருடத்துக்கு 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, வேறு மாநிலத்து வாடிக்கையாளருக்குக் கொடுத்தாலும் அப்படியே. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும், காசு கேட்கிற ஏஜெண்டிடம் போகாதீர்கள். உள்ளாட்சி லைசன்ஸுக்கு உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். வாளையார் எல்லை வழியாகச் சாமான் போகும்போது விலை, வாடகை, திரும்பும் தேதி எழுதின ஒரு சலான் வண்டியில் இருக்கட்டும். ரசீதைத் தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறை, பக்கத்துத் தெரு: சாமானைத் திருப்பித் தராமல் போனால்?

எனக்கு இதுவரை அப்படி நடக்கவில்லை. ஆனால் தாமதமாவது நிறைய. கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்பே ‘இன்னும் ஒரு வாரம் வேண்டுமா?’ என்று மெசேஜ் அனுப்பினால் பாதிப் பேர் பணம் கட்டி நீட்டித்துக்கொள்வார்கள், மீதிப் பேர் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.