அலுவலக நாள்களும் சூரிக்கின் குன்றுகளும்

அன்புள்ள ஐயா,

சூரிக் நகரையும் அதைச் சூழ்ந்த குன்றுகளையும் நீங்கள் எடுத்த படங்களைத் தளத்தில் பார்த்தேன். பணி நிமித்தமாக வரும் நவம்பர் முதல் எட்டு மாதம் நானும் அங்கே தங்கவிருக்கிறேன். படம் எடுக்க வார இறுதி மட்டுமே கிடைக்கும் என்று நினைக்கிறேன். அது போதுமா? அகலக் கோண லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளலாமா?

கே.

அன்புள்ள கே,

வார இறுதியை மட்டும் நம்பாதீர்கள். நல்ல வெளிச்சம் சனி, ஞாயிறு பார்த்து வருவதில்லை. ஒரே பாலத்தையும் ஒரே டிராம் நிறுத்தத்தையும் மாதக்கணக்கில் வெவ்வேறு வெளிச்சத்தில் கடந்துபோகும் வாய்ப்பு சுற்றுலாப் பயணிக்குக் கிடையாது, வேலைக்குப் போய்வருபவருக்கு உண்டு. டிசம்பர் இறுதியில் அங்கே காலை எட்டு மணிக்குப் பிறகுதான் சூரியன் உதிக்கும், மாலை ஐந்துக்கு முன்பே மறைந்துவிடும் என்பதால், விடியலுக்கு முந்தைய நீல வெளிச்சம் நீங்கள் அலுவலகம் கிளம்பும் நேரத்திலேயே கிடைக்கும். ஜூனிலோ இரவு ஒன்பதைத் தாண்டியும் வெயில் இருக்கும். வேலை முடிந்து நிதானமாக மலையேறலாம்.

எந்த மேட்டுக்கு எப்போது போவது என்பதைச் சூரியன்தான் தீர்மானிக்கிறது. சுமார் 870 மீட்டர் உயரமுள்ள யூட்லிபெர்க் நகருக்குத் தென்மேற்கே இருப்பதால், காலையில் அங்கிருந்து நகரைப் பார்த்தால் எதிர்வெயிலில் எல்லாம் வெளுத்துத் தெரியும். பிற்பகலில் சூரியன் நம் முதுகுப் பக்கம் வந்ததும் கிராஸ்மூன்ஸ்டர் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள்கூடத் தனித்துத் தெரியும். ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தின் முன்னுள்ள மொட்டைமாடி இதற்கு நேர்மாறானது. 1889 முதல் ஓடும் சிறிய பாலிபான் ரயிலில் காலையில் அங்கே ஏறினால், பழைய நகரின் கூரைகளும் பின்னால் யூட்லிபெர்க்கும் ஒரே சட்டத்துக்குள் வெளிச்சத்தோடு அமையும்.

நீங்கள் போய்ச்சேரும் பருவத்தின் பெரும் கொடை பனிமூட்டம். ஜூரா மலைகளுக்கும் ஆல்ப்ஸுக்கும் இடையிலுள்ள சமவெளியில் குளிர்ந்த காற்று தேங்கி, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோலப் படிந்துவிடுவதால், நகரம் நாள்கணக்கில் சாம்பல் நிறத்திலேயே கிடக்கும். (உங்களுடன் வேலை செய்பவர்கள் அதைப் பற்றிப் புலம்பிக்கொண்டே இருப்பார்கள்.) மூட்டத்தின் மேல்மட்டம் குன்றின் உச்சிக்குக் கீழே நின்றால் மேலே நீலவானமும் வெயிலும் இருக்கும். பீஸ் எனப்படும் வடகிழக்குக் காற்று வீசினால் அந்த மட்டம் உயர்ந்து உச்சியும் மூழ்கிவிடும். ஆகவே மத்திய ரயில் நிலையத்தில் யூட்லிபெர்க்குக்குப் போகும் எஸ்10 ரயில் ஏறுமுன் உச்சியிலுள்ள வெப்கேமராவைப் பார்த்துவிடுங்கள். வெண்மூட்டத்தைக் கேமரா தானாகவே சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப் வரை (இரு மடங்கு வரை) கூட்டுங்கள். உச்சியிலுள்ள இரும்புக் கோபுரத்தில் யாராவது படியேறினாலே ட்ரைபாட் அதிரும். நீண்ட எக்ஸ்போஷர் எடுப்பதென்றால் தரையே நல்லது.

லென்ஸ் விஷயத்தில் உங்களிடமிருந்து வேறுபடுகிறேன். அகலக் கோணத்தில் தொலைவிலுள்ள மலைகள் மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும். ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கும், ஃபோன் (Föhn) எனப்படும் வறண்ட காற்று வீசும் நாளில் கிளாரஸ் மலைகள் ஏரியின் மறுகோடியில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதாகத் தோன்றும். கண் காணும் அந்த நெருக்கத்தைப் படத்தில் கொண்டுவர 70-200 மி.மீ. போன்ற தொலைநோக்கு லென்ஸ்தான் வேண்டும். தெருக்களுக்கு உங்களிடம் இருக்கும் சாதாரண லென்ஸே போதும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் மாற்றுப் பேட்டரியை உட்சட்டைப் பையில் வையுங்கள். அறைக்குத் திரும்பியதும் கேமராவை உடனே வெளியே எடுக்காமல், மூடிய பைக்குள்ளேயே ஒரு மணி நேரமாவது விட்டுவிடுங்கள். இல்லையென்றால் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும். அன்றைய படங்களைப் பார்க்கும் அவசரம் இருந்தால் மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றிக்கொள்ளுங்கள்.