ஸ்லைடு ஃபிலிமை இரண்டு ஸ்டாப் புஷ் செய்யலாமா?

கேள்வி: ஃபிளாஷ் அனுமதி இல்லாத அரங்கில் ஒரு கச்சேரியைப் படமெடுக்கப் போகிறேன். கையில் இருப்பது ப்ரோவியா 100எஃப், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100 உள்ள ஸ்லைடு ஃபிலிம், அதாவது நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகப் படமாகவே வரும் ஃபிலிம். கேமராவில் ஐஎஸ்ஓவை 400 என்று வைத்து எடுத்து, லேப்பில் இரண்டு ஸ்டாப் புஷ் செய்யச் சொன்னால் (குறைந்த ஒளியை ஈடுகட்டக் கூடுதல் நேரம் டெவலப் செய்வதுதான் புஷ்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு அல்லது பாதி) சரிவருமா?

பதில்: சரிவரும். இரண்டு ஸ்டாப் வரை தாங்கக்கூடிய ஃபிலிம்தான் அது. சுமாரான மேடை வெளிச்சத்தில் எஃப்/2 லென்ஸ் திறப்புக்கு 100-இல் 1/30 நொடிதான் கிடைக்கும். பாடகர் தலையசைத்தாலே முகம் கலங்கிவிடும். 400-இல் அதுவே 1/125.

ஆனால் புஷ் செய்வதால் ஃபிலிமுக்கு உண்மையில் வேகம் கூடுவதில்லை. ஸ்லைடு ஃபிலிமைக் கழுவும் ஈ-6 முறையில் முதல் டெவலப்பரில் மட்டும் நேரத்தை நீட்டுகிறார்கள். 38 டிகிரியில் வழக்கமாக 6 நிமிடம், இரண்டு ஸ்டாப்புக்குச் சுமார் 11 நிமிடம். ஒளி பட்ட இடங்கள் இதனால் வெளுத்து மேலே வரும். ஒளியே படாத நிழலில் எழுப்புவதற்கு எதுவும் இல்லை. கான்ட்ராஸ்ட் ஏறும், கிரெய்ன் (படத்தின் துகள்கள்) தெரியும், ஆழ்ந்த கறுப்பு கொஞ்சம் நீர்த்துப்போகும். கச்சேரிக்கு இது பெரிய இழப்பில்லை என்பேன். பின்னால் இருட்டு, நடுவில் ஒளி விழுந்த முகம், நமக்கு வேண்டியது அந்த முகம்தானே!

அதனால் ஒளி அளக்கும் மீட்டரை முகத்தில் வையுங்கள். படம் கெடுவது பெரும்பாலும் புஷ்ஷால் அல்ல, இங்கேதான். கேமரா முழுக் காட்சியையும் அளந்தால் கறுப்புத் திரையைப் பார்த்து ஏமாந்து கூடுதல் ஒளி கொடுக்கும். முகம் வெள்ளையாக எரிந்துவிடும். ஸ்லைடில் எரிந்ததை மீட்க வழியே கிடையாது. ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர் இல்லையென்றால், அதே விளக்கு உங்கள் பக்கம் திரும்பும்போது உள்ளங்கையில் அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய டங்ஸ்டன் விளக்கென்றால் நிறம் ஆரஞ்சாகச் சாயும். அதைத் திருத்த 80ஏ என்ற நீல ஃபில்டர் போட்டால் இரண்டு ஸ்டாப் போய்விடும், புஷ் செய்து சேர்த்ததெல்லாம் வீண். சாயட்டும், மேடைக்கு அழகாகவே இருக்கும்.

அப்புறம், ஒரு ரோல் முழுக்க 400-தான், நடுவில் மாற்றக்கூடாது. லேப் புஷ் செய்து தருமா என்று முன்பே கேளுங்கள். முடிந்தால் கிளிப் டெஸ்டும் கேளுங்கள்: ரோலின் தொடக்கத்தில் சில ஃபிரேம்களை வெட்டி முதலில் கழுவிப் பார்த்து, மீதிக்கு நேரத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். அந்தச் சில ஃபிரேம்களை முக்கியமில்லாத பாட்டில் செலவழியுங்கள். ரோலைக் கழற்றிய கையோடு டப்பாவில் ‘புஷ் 2’ என்று எழுதிவிடுங்கள்.