பாலிமர் தார்: விலைக்குத் தகுந்த சரக்குதானா?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் உட்சாலைகளைப் புதிதாகப் போடப் போகிறோம். 'பாலிமர் கலந்த தார் போட்டால் விலை கூடும், ஆனால் வெயிலுக்கு இளகாது, பல வருஷம் உழைக்கும்' என்கிறார் ஒப்பந்தக்காரர். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: சரக்கு உண்மையானதாக இருந்தால் அவர் சொல்வது சரி. எஸ்.பி.எஸ். என்ற ரப்பர் வகைப் பாலிமரை எடையில் 3 முதல் 5 சதவீதம் வரை சேர்த்தால், அது தாருக்குள் வலைபோலப் பின்னிக்கொள்ளும். சக்கரம் அமுக்கினாலும் தார் மீண்டுவிடும். ஆனால் லாரியே வராத உட்சாலை என்றால், முதலில் வடிகாலையும் அடித்தளத்தையும் சரிசெய்யுங்கள்.

அதற்குப் பிறகும் பாலிமர்தான் வேண்டும் என்றால், எங்கே கலக்கிறார்கள் என்று கேளுங்கள். சுமார் 180 டிகிரி சூட்டில், அரைத்துக் கலக்கும் இயந்திரத்தில், மணிக்கணக்கில் ஓட்டினால்தான் இது தாரோடு சேரும். வேலை நடக்கும் இடத்தில் பீப்பாயைத் திறந்து, ஒரு மூட்டை பாலிமர் குருணையைக் கொட்டிக் கம்பியால் கிண்டுகிறார்களா? உடனே வேலையை நிறுத்துங்கள். பாலிமர் மேலே ஒதுங்கிவிடும், அடியில் இருப்பது வெறும் தார். கூடுதல் பணம் இடைத்தரகருக்குப் போய்விடும்.

அடுத்து, சோதனைச் சான்றிதழைக் காட்டுவார்கள். மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் யார்? தாரை விற்கிறவரேதான்! விற்கிறவரே கொடுத்த டப்பாவைச் சோதித்த காகிதத்தை நம்பிப் பில்லுக்குக் கையெழுத்துப் போடும் இந்த வழக்கத்தை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் யாரும் மாற்றுவதில்லை. டேங்கர் வந்ததும் உங்கள் ஆள் முன்னிலையில் மாதிரி எடுத்து, முத்திரை வைத்து, நீங்களே லேபுக்கு அனுப்புங்கள். மீள்திறன் சோதனை செய்யச் சொல்லுங்கள். தாரை 10 செ.மீ. இழுத்து, நடுவில் வெட்டி, ஒரு மணி நேரம் விட்டுவைப்பார்கள். நல்ல எஸ்.பி.எஸ். தார் பெருமளவு சுருங்கிப் பழைய இடத்துக்கு வந்துவிடும். சாதாரண தார் இழுத்த இழுப்பிலேயே கிடக்கும்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கழிவு பிளாஸ்டிக்கைத் துண்டுதுண்டாக்கிச் சூடான ஜல்லி மேல் தூவி, அது உருகி ஜல்லியைப் போர்த்தியதும் தார் சேர்ப்பது தனி முறை. அது மோசடி இல்லை. ஒழுங்காகச் செய்தால் தார் ஜல்லியை நன்றாகப் பிடிக்கும், தண்ணீர் எளிதில் பிரிக்காது. ஆனால் அங்கே பிளாஸ்டிக் ஏறுவது ஜல்லியின் மேல். டேங்கரில் வரும் தார் சாதாரண தார்தான். அதனால் மீள்திறன் சோதனையில் அது தேறாது. தேறவில்லை என்று அந்த வேலையைக் குறை சொல்வதும் நியாயமில்லை. அதைச் செய்துவிட்டு எஸ்.பி.எஸ். தாருக்கான விலையைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பி.வி.சி. துண்டுகள் கலந்திருந்தால் அந்த மூட்டையை அப்படியே திருப்பி அனுப்புங்கள். சூடானால் அதிலிருந்து நச்சு வாயு வரும், அதைச் சுவாசிக்கப் போவது அங்கே வேலை செய்கிறவர்கள். எந்த முறை, எந்தப் பாலிமர், மாதிரி யார் எடுப்பது, இந்த மூன்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.