எழுதப்படாத பண்பாட்டு விதிகள் தனிமனிதரை எப்படி வடிவமைக்கின்றன?

இவற்றை யாரும் பாடமாக நடத்துவதில்லை. குழந்தை பெரியவர்களைப் பார்த்தும், தவறும்போது கிடைக்கும் ஒரு முறைப்பிலிருந்தும் கற்றுக்கொள்கிறது. பழகிவிட்டால் விதி என்றே தெரியாது. 'இயல்பு' என்றுதான் தோன்றும்.

நிற்கும் தூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1960களில் அமெரிக்கர்களைக் கவனித்துக் கொடுத்த கணக்கு: மிக நெருங்கியவர்களுக்குச் சுமார் 45 செ.மீ. வரை, நண்பர்களுக்கு 1.2 மீட்டர் வரை, அலுவல் பேச்சுக்கு 3.6 மீட்டர் வரை. வேறு பண்பாட்டில் அளவு மாறும். சிக்கல் அங்கேதான். ஒருவர் அரை அடி முன்னே வருவார், மற்றவர் பின்னே நகர்வார். முன்னே வந்தவர் கண்ணுக்கு மற்றவர் ஒட்டாதவர். பின்னே நகர்ந்தவர் கண்ணுக்கு முன்னே வந்தவர் மேலே விழுகிறவர். இருவரும் விதியைக் குறை சொல்வதில்லை, ஆளைத்தான் சொல்கிறார்கள்.

இந்த விதிகளால் சமூகத்துக்கு லாபம் பெரிது: முன்பின் தெரியாதவர்களோடும் ஒவ்வொன்றையும் பேசித் தீர்க்காமல் பழகலாம். ஆனால் மீறல் சுடும். சமூகவியலாளர் ஹரால்ட் கார்ஃபிங்கல் தன் மாணவர்களைச் சொந்த வீட்டிலேயே வாடகைக்குத் தங்கியவர்போல் மரியாதையாக நடக்கச் சொன்னார். பெரும்பாலான வீடுகளில் குழப்பமும் கோபமும்தான். மரியாதை கூடினாலும் மீறல் மீறல்தான்!

புதிய இடத்தில் முதல் சில நாள், மறுப்பை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். புரியாததைத் தனியாக ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.