அமெரிக்காவில் பழைய காரைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் உண்மையில் எவ்வளவு வரி குறையும்?

உங்கள் பழைய காருக்கு, பழைய கார்களின் விலைப்பட்டியலான கெல்லி புளூ புக் 4,000 டாலர் மதிப்புக் காட்டுகிறது. அதைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் 4,000 டாலரையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோருக்கு முடியாது. முன்பு முடிந்தது. கொடுப்பவர்கள் விலைப்பட்டியலைப் பார்த்துப் பெரிய மதிப்பைப் போட்டுக்கொள்ள, அதே கார்கள் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போய்க்கொண்டிருந்ததால், 2004-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. 2005 முதல், நிறுவனம் காரை அப்படியே விற்றுவிட்டால், 500 டாலருக்கு மேல் கழிவு கோருபவர் விற்ற தொகையை மட்டுமே கழிக்கலாம். கார் 500 டாலருக்கோ அதற்குக் குறைவாகவோ விற்றால், 500 டாலர், சந்தை மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதைக் கழிக்கலாம்.

நான் நியூஜெர்சியில் என் பழைய கேம்ரியைக் கொடுத்தபோது, இழுவை வண்டி வந்து ஏற்றிச் சென்றது. பிறகு தபாலில் கார் நன்கொடைக்கான 1098-சி படிவம் வந்தது. விற்ற 30 நாட்களுக்குள் நிறுவனம் இதை அனுப்ப வேண்டும். கார் 500 டாலருக்கு மேல் விற்றிருந்தால், அதில் 4சி என்ற கட்டத்தில் எழுதியிருக்கும் விற்பனைத் தொகைதான் உங்கள் கழிவின் உச்சவரம்பு. உங்கள் கார் 1,100 டாலருக்குப் போய், நீங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால், குறையும் வரி அதிகபட்சம் 242 டாலர்.

அதுவும் நீங்கள் செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு, அதாவது ஐட்டமைஸ் செய்து, கணக்குத் தாக்கல் செய்தால்தான். 2025-ஆம் ஆண்டுக்கு, பட்டியலிடாதவர்கள் கழித்துக்கொள்ளும் நிலையான தொகை, அதாவது ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தம்பதியருக்கு 31,500 டாலர், தனிநபருக்கு 15,750 டாலர். வீட்டுக்கடன் வட்டி, மாநில வரி, நன்கொடை எல்லாம் சேர்ந்து இதைத் தாண்டாத குடும்பத்துக்குக் காரைக் கொடுப்பதால் ஒரு டாலர்கூட வரி குறையாது. வாடகை வீட்டில் இருக்கும் நம்மவர்கள் பலரும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். ஆனால் விளம்பரங்கள் இதை உரக்கச் சொல்வதில்லை.

ஓடும் நிலையில் உள்ள காராக இருந்தால், நீங்களே விற்றுப் பணத்தைக் கொடுங்கள் என்பதே என் யோசனை. பல தொண்டு நிறுவனங்கள் காரைப் பெறுவதையும் விற்பதையும் இடைத்தரகு நிறுவனங்களிடம் விட்டிருப்பதால், இழுவைச் செலவும் தரகும் போக மிச்சமே தொண்டுக்குப் போய்ச் சேர்கிறது. நீங்கள் விற்றால் அந்த இழப்பு இல்லை. கொடுக்கும் தொகை முழுவதும் நன்கொடைக் கணக்கில் வரும். மேலும் 2026 முதல், ஐட்டமைஸ் செய்யாதவர்களும் தனிநபருக்கு 1,000 டாலர், தம்பதியருக்கு 2,000 டாலர் வரை நன்கொடையைக் கழிக்கலாம். அந்தச் சலுகை பணமாகக் கொடுப்பதற்கு மட்டும், காருக்கு இல்லை. பெறும் நிறுவனம் அமெரிக்காவில் 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தொண்டு நிறுவனத் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஊரில் உள்ள இல்லத்துக்கோ பள்ளிக்கோ நேரடியாக அனுப்பும் பணத்துக்கு இந்தக் கழிவு கிடையாது. அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம்.

காராகவே கொடுக்க விரும்பினால், அதை ஏலத்துக்கு அனுப்பாமல் பழுதுபார்த்து ஏழைக் குடும்பத்துக்குத் தரும் நிறுவனத்தைத் தேடுங்கள். மேரிலாந்தில் தொடங்கிய வெகிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச் அப்படிப்பட்டது. பேருந்து எட்டாத இடத்தில் வேலை கிடைத்தும் போக வழியில்லாத ஒருவருக்கு உங்கள் கார் போய்ச் சேர்வது எனக்கு வரிச் சலுகையைவிடப் பெரிதாகப் படுகிறது. சட்டமும் இதற்கு இடம் தருகிறது: காரை இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ தேவைப்படுபவருக்குக் கொடுப்பதாக நிறுவனம் 1098-சி படிவத்தில் சான்றளித்தால், ஐட்டமைஸ் செய்பவர் முழுச் சந்தை மதிப்பையும் கழிக்கலாம். எந்த வகையானாலும் 500 டாலருக்கு மேல் கோருபவர், பணமல்லாத நன்கொடைக்கான 8283 படிவமும் சேர்க்க வேண்டும். முழுச் சந்தை மதிப்பாக 5,000 டாலருக்கு மேல் கோரினால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும் தேவை.

எந்த வழியில் கொடுத்தாலும் காரின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் பெறுபவர் பெயரை வெறுமையாக விட்டுக் கையெழுத்திடாதீர்கள். பெயர் மாறாத கார் யார் கையிலோ சிக்கினால் பார்க்கிங் அபராதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். நியூஜெர்சியில் நம்பர் பிளேட்டைக் கழற்றி மோட்டார் வாகன அலுவலகத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்கிய பிறகே இன்சூரன்ஸை நிறுத்த வேண்டும். கலிபோர்னியாவில் கைமாறிய 5 நாட்களுக்குள் அங்குள்ள மோட்டார் வாகனத் துறையான டி.எம்.வி.க்குத் தெரிவிக்க வேண்டும்.