சிறப்பாசிரியர் ஆக… வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கற்றுத்தர ஆசை. மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு போதுமா?
– வாசகி, திண்டுக்கல்

போதாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பாக இருக்க வேண்டும். பிளஸ் டூவுக்குப் பின் சிறப்புக் கல்வி டிப்ளமோ இரண்டு ஆண்டு. டிகிரி முடித்தவர்களுக்கு பி.எட். சிறப்புக் கல்வி. கல்லூரிக்கு மட்டுமல்ல, நீங்கள் சேரும் பாடப்பிரிவுக்கும் இந்த ஆண்டு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். ஏமாறுவது இங்கேதான். முடித்ததும் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பதிவு எண் வாங்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி அது இல்லாமல் பணிபுரிவது குற்றம்.

கேள்வி: டிப்ளமோ படிக்கிறேன். பயிற்சிப் பள்ளியில் ஒன்பது வயதுப் பையனுக்கு டவுசர் போடக் கற்றுத்தருகிறேன். இரண்டு மாதமாகியும் தானாகப் போடவில்லையே?
– வாசகர், கடலூர்

பெரும்பாலும் குறை பையனிடம் இருக்காது, நாம் உதவும் விதத்தில் இருக்கும். “இழு, இழு” என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவன் அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கப் பழகிவிடுவான்.

கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். ஒரு சைஸ் பெரிய எலாஸ்டிக் டவுசரை நீங்களே தொடைவரை ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். வேலையை முடித்தவன் அவன், பாராட்டும் அந்த நொடியே. அடுத்து முழங்காலிலிருந்து, பிறகு கணுக்காலிலிருந்து.

பல பிள்ளைகள் முன்பக்கத்தை மட்டும் பிடித்து இழுப்பார்கள். பின்பக்கம் பிட்டத்தில் மாட்டிக்கொள்ளும். பின்னால் நின்று அவன் கட்டைவிரல்களை இடுப்புப் பட்டைக்குள் இரு பக்கவாட்டிலும் வைத்துவிடுங்கள். ஒரு கையைப் பின்னுக்கு நகர்த்தச் செய்யுங்கள். முதலில் அவன் கைமேல் உங்கள் கை, பிறகு முழங்கையில் ஒரு தொடுதல், பிறகு சைகை என்று உதவியைக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாய் திறக்காதீர்கள். எந்த உதவியில் செய்தான் என்பதை அப்போதே குறியுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதும் குறிப்பு உதவாது. பத்துக்கு எட்டு முறை, மூன்று நாள் தொடர்ந்து, தானாகச் செய்தால் அடுத்த படி.

பிள்ளைக்கு என்னென்ன திறன்கள் வந்திருக்கின்றன என்று பார்க்க, சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். (மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்) மதிப்பீட்டுப் படிவத்தில் 18 பகுதிகள், பகுதிக்கு 20 திறன்கள், மொத்தம் 360. அவன் எங்கே நிற்கிறான் என்பதை உடை அணிதல் பகுதியில் சரிபாருங்கள்.

வீட்டில் காலை அவசரத்தில் அம்மா மாட்டிவிடுவார். அதைக் குறை சொல்லாதீர்கள். மாலைக் குளியலுக்குப் பிறகு அந்தக் கடைசி இழுப்பை மட்டும் அவனிடம் விடச் சொல்லுங்கள்.